புதுத்தண்ணி நிறம்

அத்தியாயம் ஒன்பது: மூன்றாம் ஓலை

ஷிபினை அடக்கம் பண்ணிய மண் காய்வதற்குள் ஞாயிற்றுக்கிழமை வந்துவிட்டது.

“இந்த ஒரு வாரம் கோயிலுக்கு வராண்டாம் மக்கா. வீட்லயே இருங்க” என்றார் அப்பாத்துரை, மகள்கள் இருவரையும் பார்த்து.

“வீட்ல இருந்து என்ன செய்ய?” என்றாள் டார்லின். எந்தப் பதிலையும் நாலு வார்த்தைக்கு மேல் நீட்டுகிறவள் இல்லை அவள்.

பியூலா அக்காவின் சேலை மடிப்புக்கு ஊசி குத்திவிட்டாள். வெள்ளையும் இல்லாத, நிறமும் இல்லாத சாம்பல் சேலை. அதைத் தேர்ந்தெடுக்க டார்லின் அலமாரி முன்னால் வெகுநேரம் நின்றிருந்தாள். நிச்சயம் முடிந்து, இரண்டு ஓலை வாசித்த பிறகு மாப்பிள்ளை லாரியில் அடிபட்டுச் செத்துப்போனால் பெண் எந்தச் சேலையை உடுத்த வேண்டும் என்று யாரும் சொல்லிவைக்கவில்லை. அவள் விதவை இல்லை. போன வாரத்து டார்லினும் இல்லை.

கல்யாணத்துக்கு முன்னால் மூன்று ஞாயிறு ஆராதனையில் பெண், மாப்பிள்ளை பெயரை வாசித்து, தடை ஏதாவது உண்டா என்று சபையைக் கேட்பார்கள். ஒரு காலத்தில் பனையோலையில் எழுதி வாசித்திருப்பார்கள் போல. இப்போது காகிதம்தான். ஆனாலும் அதற்குப் பெயர் ஓலை. டார்லினுக்கும் திசையன்விளை ஷிபினுக்கும் இரண்டு ஓலை ஆகியிருந்தது. மூன்றாவது இன்றைக்கு வாசித்திருக்க வேண்டும்.

டார்லினுக்காவது துக்கத்தில் ஓர் இடம் இருந்தது. அடக்கத்தன்று ஷிபினின் அம்மா ஜெபராணி அவளைத் தன் பக்கத்தில் இழுத்து உட்கார வைத்துக்கொண்டாள். வந்த பெண்கள் எல்லாரும் டார்லினைக் கட்டிக்கொண்டு அழுதார்கள். பியூலா வாசல் கேட்டுப் பக்கத்தில், பந்தல் கால் ஓரமாக, அக்காவின் கைப்பையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். “யாரு இந்தப் பிள்ளை?” என்று யாரோ கேட்டார்கள். “பொண்ணுக்குத் தங்கச்சி. பைய வச்சுக்கிட்டு நிக்கா” என்று இன்னொருவர் சொன்னார்.

அந்தப் பதில் சரிதான். ஆனால் போதாது.

பெண் பார்த்துப்போன மறுவாரம் ஷிபின் டார்லினின் போனுக்கு ஒரு கேள்வி அனுப்பியிருந்தான். ‘உங்களுக்கு என்னெல்லாம் பிடிக்கும்?’ பள்ளிக்கூடத்தில் கணக்கு எடுக்கிற டார்லின் அதை விடை இல்லாத கணக்கைப் பார்ப்பதுபோல் பார்த்தாள்.

“ஏட்டி, இதுக்கு என்ன எழுத?”

“பிடிச்சத எழுது.”

“எனக்கு வரல. நீயே என்னத்தையாவது எழுதி அனுப்பு. மரியாதையா எழுது.”

முதலில் பியூலா அக்காவிடம் படித்துக் காட்டிவிட்டுத்தான் அனுப்பினாள். டார்லின் ‘ம்’ என்பாள். பிறகு ‘ம்’ சொல்லவும் அலுத்து, “அனுப்பிரு” என்று போனைக் கொடுத்துவிட்டு விடைத்தாள் திருத்தப் போய்விடுவாள். காலேஜ் முதல் வருஷம் படிக்கிற பியூலா, பாளையங்கோட்டைக்குப் போகிற பஸ்ஸில் பார்த்த வயலையும் கொக்கையும் எழுதினாள். அம்மா செத்தபோது தனக்கு அழுகை வராததற்காக, எட்டு வயசுப் பிள்ளை என்றும் பாராமல், சொந்தக்காரர்கள் திட்டியதை எழுதினாள். அதை அவள் வேறு யாரிடமும் சொன்னதில்லை. அதற்கு அவன், ‘அழாதவங்களுக்குத்தான் ரொம்ப நாள் வலிக்கும்’ என்று எழுதியிருந்தான்.

அன்றைக்கு ராத்திரி அவள் தூங்கவில்லை. போனில் ‘நீங்க’ என்று எழுதிக்கொண்டே மனசுக்குள் ‘நீ’ என்று கூப்பிட ஆரம்பித்தது அதற்குப் பிறகுதான்.

*

சபை ஐயர் அந்தக் காலை ஷிபின் வீட்டு ஜெபத்துக்காகத் திசையன்விளைக்குப் போயிருந்தார். ஆராதனை நடத்தப் பக்கத்து ஊர்ச் சேகரத்துச் சபையிலிருந்து ஜாபேஸ் ஐயர் வந்திருந்தார். இந்த ஊரில் யார் வீட்டில் என்ன நடந்தது என்று அவருக்குத் தெரியாது. உபதேசியார் கிங்ஸ்லி மூன்று ஓலையையும் ஒரே நாளில் எழுதி அறிவிப்புக் கோப்பில் செருகிவைத்திருந்தார். மூன்றாவதை உருவி எடுக்க வேண்டும் என்று அவருக்கும் தோன்றவில்லை. துக்கத்தில் அவரும் மூன்று நாளாக அலைந்துகொண்டிருந்தார்.

“பெண்கள் ஐக்கியச் சங்கக் கூட்டம் வியாழக்கிழமை நடைபெறும்” என்று வாசித்துவிட்டு ஜாபேஸ் ஐயர் அடுத்த காகிதத்தை எடுத்தார்.

“இந்தச் சேர்மாதேவிச் சபையைச் சேர்ந்த திரு. அப்பாத்துரை அவர்களின் மூத்த குமாரத்தி, கன்னிகை டார்லின் அவர்களுக்கும்…”

பெண்கள் பக்கத்தில் ஒரு விசிறி நின்றது. ஆண்கள் பக்கத்தில் அப்பாத்துரை பாதி எழுந்தார். எழுந்தவருக்கு என்ன செய்வது என்று தெரியவில்லை.

“…வாலிபன் ஷிபின் அவர்களுக்கும் பரிசுத்த விவாகம் செய்ய நோக்கமாயிருக்கிறது. இவர்கள் இணைக்கப்படக்கூடாதபடிக்கு நியாயமான தடை உங்களில் எவருக்காவது தெரிந்திருந்தால் அதைத் தெரிவிக்கக்கடவீர்கள். இது மூன்றாம் முறை.”

பியூலா அக்காவின் கையைப் பிடித்தாள். குளத்துத் தண்ணீரில் கிடந்த கல் மாதிரி இருந்தது அந்தக் கை.

முதல் ஓலையின்போது இதே கேள்விக்குப் பியூலா மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். தடை தெரிந்தவள் இந்தக் கோயிலுக்குள் ஒருத்திதான். அவளே அந்தத் தடையும். எழுந்து நின்று விடுவோமோ என்று பயந்து பெஞ்சின் விளிம்பைப் பற்றிக்கொண்டாள். இரண்டாம் ஓலைக்கு, தண்ணீர் குடிக்கப் போகிற சாக்கில் வெளியே போய்விட்டாள்.

இப்போது சபை முழுவதும் தலை குனிந்திருந்தது. பதில் எல்லாருக்கும் தெரியும். சொல்லத்தான் ஆளில்லை. கேட்டவர் காத்துக்கொண்டிருந்தார்.

பியூலா எழுந்தாள்.

“தடை இருக்கு ஐயா.” குரல் அவளுடையதுபோல இல்லை. “ஷிபின் இல்ல. ஷிபின் செத்துப்போயிட்டான்.”

ஜாபேஸ் ஐயர் காகிதத்தைக் கீழே வைத்தார். மணிக்கயிற்றுப் பக்கத்தில் நின்ற கிங்ஸ்லி உபதேசியார் “என் தப்புய்யா, என் தப்பு” என்று பீடத்தைப் பார்த்து ஓடினார். யாரோ ஒரு பெரியவர் எண் சொல்லாமலே ஒரு பாமாலைப் பாட்டைத் தொடங்கினார். சபை அதைப் பிடித்துக்கொண்டது, ஆற்றில் போகிறவன் கிளையைப் பிடிப்பதுபோல.

*

வெளியே செருப்பு மாட்டும்போது பின்னால் இரண்டு பெண்கள் பேசிக்கொண்டது நன்றாகவே காதில் விழுந்தது.

“தங்கச்சி எந்திச்சு நின்னுட்டா, பாத்தியளா. தைரியக்காரி.”

“எந்திச்சது சரி. என்ன சொன்னான்னு கேட்டியா? செத்துப்போயிட்டானாம். அத்தான் போயிட்டாவன்னுல்லா சொல்லணும்? பேரச் சொல்லுதா, அதுலயும் ‘டான்’ போடுதா. கூடப் படிக்கிற பயலச் சொன்ன மாதிரி.”

“சின்னப் பிள்ளை, பதறிப்போய்ச் சொல்லிருப்பா.”

“பதறும்போதுதானே உள்ளது வரும்.”

பியூலாவுக்குக் காது சுட்டது. அக்காவைப் பார்த்தாள். டார்லின் குடையை விரித்து, ஒரு கம்பி மடங்கியிருந்ததைப் பொறுமையாக நிமிர்த்திக்கொண்டிருந்தாள். கேட்டிருப்பாள். கேட்காமல் இருக்க முடியாது.

“வா, மழ வரும்போல இருக்கு” என்றாள். வழியெல்லாம் குடையை மட்டும் பாதிக்குமேல் தங்கை பக்கமே சாய்த்துப் பிடித்துக்கொண்டு நடந்தாள். அது பாசமா, பழக்கமா என்று பியூலாவால் கண்டுபிடிக்க முடியவில்லை.

*

மத்தியானச் சோறு அப்படியே கிடந்தது. சாயங்காலம் தேயிலைக்குத் தண்ணீர் வைக்கிற நேரத்தில் வாசலில் ஒரு கார் வந்து நின்றது. ஜெபராணி இறங்கினாள். டிரைவரைத் தவிரக் கூட யாரும் இல்லை. மார்போடு அணைத்து ஒரு துணிக்கடைப் பை.

பிள்ளையைப் பறிகொடுத்தவள் அடக்கம் முடிந்த கையோடு ஊர் தாண்டி வந்திருக்கிறாள். அப்பாத்துரை பதறிப்போய்த் துண்டை எடுத்துத் தோளில் போட்டார்.

“தங்கச்சி, காலையில நடந்தது தெரியாம நடந்த தப்பு. யாரும் வேணும்னு…”

“உங்க ஐயரு எங்க வீட்லதான் இருந்தாரு அண்ணே. அவருக்குப் போன் வந்துச்சு. மூணாம் ஓலையும் வாசிச்சாச்சுன்னாவ.” ஜெபராணி நாற்காலியில் உட்கார்ந்து மூச்சு வாங்கினாள். “எல்லாரும் அய்யோன்னாவ. எனக்கு அப்படித் தோணல. எம் பிள்ளைக்கு மூணு ஓலையும் முழுசா வாசிச்சாச்சு. அவன் ஆசப்பட்டதுல அது ஒண்ணாவது பாதியில நிக்கலியே.”

ஜெபராணி பையை மடிக்கு இறக்கி வைத்துக்கொண்டு கேட்டாள்.

“யாரோ ஒரு பிள்ளை எந்திச்சுத் தடை சொல்லிச்சாமே?”

“நான்தான் அத்தை” என்றாள் பியூலா, அடுக்களை வாசலில் நின்றபடி.

ஜெபராணி அவளை ஏற இறங்கப் பார்த்தாள். அன்றைக்குக் கேட்டடியில் நின்றவளை இப்போதுதான் முதல் தடவையாகப் பார்க்கிறாள் போலிருந்தது. “நல்லது மக்களே. யாராவது சொல்லணும்லா” என்று மட்டும் சொன்னாள்.

பிறகு பைக்குள் இருந்து சேலையை எடுத்து டார்லினின் மடியில் வைத்தாள். “மூணு ஓலை வாசிச்ச பொண்ணுக்கு உள்ள சேலைய நான் எப்படி என் பீரோல வச்சுக்கிடுவேன்? சாயங்கால வரவேற்புக்குன்னு அவனே எடுத்தது. பிரிச்சுப் பாரு.”

டார்லின் பிரித்தாள். பட்டு, அடுக்கடுக்காக மடியில் சரிந்தது. செம்பும் இல்லை, காவியும் இல்லை. கலங்கிய சிவப்புக்குள் எங்கேயோ ஒரு பொன் நெளிவு.

பியூலா கதவு நிலையைப் பிடித்துக்கொண்டாள். அந்த நிறத்தை அவளுக்குத் தெரியும். அது அவள் எழுதிய நிறம்.

“இதுக்கு அவன் பட்ட பாடு இருக்கே.” ஜெபராணியின் முகத்தில் சிரிப்பு மாதிரி ஒன்று வந்தது. “டவுன்ல ஒரு கடை விடல. என்னையும் இழுத்துக்கிட்டு அலையுதான். என்ன நிறம் தம்பின்னு கடைக்காரரு கேக்காரு. ‘ஆத்துல புதுத்தண்ணி வரும்லா அண்ணாச்சி, அந்த நிறம்’ங்கான். அவரு சொல்லுதாரு, ‘தம்பி, இங்க பட்டுதான் விக்கோம். ஆறு விக்கல.’ கடையே சிரிக்கி. இவன் மட்டும் சிரிக்கல. ‘அவங்க அப்படித்தாம்மா எழுதிருக்காங்க, மழை பேஞ்ச மறுநாள் ஆத்துல வருத தண்ணி நிறம்னு. அத எடுக்காம வர மாட்டேன்’ங்கான்.”

சிரிப்பு உடைந்தது. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அப்பாத்துரை சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார்.

கண்ணைத் துடைத்துவிட்டு ஜெபராணி கேட்டாள், “நீதானம்மா அப்படி எழுதினே?”

டார்லின் சேலையைப் பார்த்தாள். அவள் பீரோவில் பச்சையும் நீலமும்தான் இருக்கும். மண் நிறத்தைக் கண்டாலே ‘அழுக்குத் தெரியாதுங்கதுக்கு வாங்குதது’ என்பாள். சேலையிலிருந்து கண்ணை உயர்த்தி, அடுக்களை வாசலைப் பார்த்தாள். அங்கே நின்ற தங்கையின் முகத்தைப் பார்த்தாள்.

அந்தப் பார்வை நீண்டது. ஒரு கணக்கு, எங்கே தப்பு என்று தெரியாமல் நாள்கணக்கில் கிடந்த கணக்கு, சட்டென்று நேராவதைப் பியூலா அக்காவின் கண்ணில் கண்டாள்.

“ஆமா அத்தை. நான்தான்” என்றாள் டார்லின்.

“எனக்குத் தெரியும். ‘நேர்ல நாலு வார்த்தம்மா, போன்ல நாப்பது பக்கம்’னு சொல்லிச் சொல்லிச் சிரிப்பான்.” ஜெபராணி அவள் கையைப் பிடித்தாள். “எங்கிட்ட அவன் பேசவே மாட்டான் மக்களே. அப்பா இல்லாத பிள்ளை, எல்லாத்தையும் உள்ள வச்சுக்கிடுவான். உங்கிட்டதான் பேசிருக்கான். புதன்கிழமை வீட்ல ஜெபம் வச்சிருக்கு. நீ வரணும். எம் பக்கத்துல உக்காந்து, அவன் என்னெல்லாம் பேசினான்னு எனக்குச் சொல்லணும். எல்லாம் வேண்டாம். தாய்க்குச் சொல்லக்கூடியதச் சொன்னாப் போதும்.”

“வாரேன் அத்தை.”

கார் வரைக்கும் போன ஜெபராணி, கதவைப் பிடித்தபடி திரும்பினாள். “ஒண்ணு கேக்க மறந்துட்டேன். அன்னைக்கு அவன் திருநெல்வேலிக்குப் பத்திரிகை குடுக்கப் போறதா எல்லாரும் சொல்லுதாவ. அது இல்ல. எங்கிட்ட, ‘சேர்மாதேவி போயிட்டு வாரேன், அவங்ககிட்ட ஒண்ணு நேர்ல கேக்கணும்’னு சொல்லிட்டுத்தான் வண்டிய எடுத்தான். என்ன கேக்க வந்தான்னு உனக்குத் தெரியுமா?”

“தெரியல அத்தை” என்றாள் டார்லின். அன்று சாயங்காலம் ஜெபராணியிடம் அவள் சொன்னதில் உண்மை அது ஒன்றுதான்.

*

கார் போனதும் டார்லின் உள்ளறைக்குள் வந்து கதவைச் சாத்தினாள். சேலை கட்டில்மேல் கிடந்தது. இரண்டு பேரும் அதன் இரண்டு பக்கம்.

“நான் எழுதச் சொன்னேன். நெசம்தான்” என்றாள் டார்லின். “எனக்கு எழுத வரலன்னுதான் சொன்னேன். எனக்குன்னு வந்தவர எடுத்துக்கிடச் சொல்லல.”

“எடுக்கல அக்கா.”

“பின்ன இது என்ன? என் கல்யாணத்துல எனக்குப் பிடிச்ச நிறத்துல ஒரு சேலை இல்ல. கல்யாணம் நடந்திருந்தா என்ன ஆயிருக்கும்னு யோசிச்சியா? காலம் பூரா நான் உன்ன மாதிரிப் பேச முடியாம, அவரு எங்கிட்ட உன்னத் தேடிக்கிட்டே இருந்திருப்பாரு. நாங்க ரெண்டு பேரும் என்ன தப்பு நடந்துச்சுன்னே தெரியாம கிழவன் கிழவியா ஆயிருப்போம்.”

டார்லின் இவ்வளவு வார்த்தைகளைச் சேர்ந்தாற்போல் பேசிப் பியூலா கேட்டதில்லை. ஒவ்வொன்றும் சரியாக இருந்தது. அதுதான் வலித்தது.

“போன ஞாயித்துக்கிழமை சாப்பிட வந்தப்ப, கை கழுவுத இடத்துல வச்சு எங்கிட்ட மெதுவாக் கேட்டாரு, ‘புதுத்தண்ணி வந்தாச்சா?’ன்னு.” டார்லின் நெற்றியைத் தேய்த்தாள். “நான் சொன்னேன், ‘குழாய்த் தண்ணி காலையிலயே நின்னு போச்சு, வாளியில இருக்கு, மோந்துக்கிடுங்க’ன்னு.”

பியூலாவுக்கு அந்தக் காட்சி கண்முன் வந்தது. ஆசையோடு கேட்டவனும், வாளியைக் காட்டிய அக்காவும். தொண்டையில் ஒரு சத்தம் கிளம்பியது. சிரிப்பு. அடக்க முடியாத, வெட்கங்கெட்ட சிரிப்பு. டார்லினும் சிரித்தாள். சிரித்துக்கொண்டே கட்டிலில் உட்கார்ந்தவள் நிமிர்ந்து பார்த்தபோது தங்கை சுவரோடு சரிந்து தரையில் கிடந்தாள். சிரிப்பு எங்கேயோ நின்றுபோய், அழுகை வந்திருந்தது. அம்மாவுக்கு வராத அழுகை, ஷிபினுக்குப் பந்தலடியில் வராத அழுகை, எல்லாம் சேர்ந்து.

டார்லின் எழுந்து வரவில்லை. பார்த்துக்கொண்டே இருந்தாள்.

“எனக்கு இப்படி வரல ஏட்டி” என்றாள் மெதுவாக. “ஊரே வந்து என்னக் கட்டிக்கிட்டு அழுதாவ. எனக்குப் பாவமா இருந்துச்சு. பயமா இருந்துச்சு. இப்படி வரல. கல்நெஞ்சுக்காரியோன்னு ராத்திரி எல்லாம் யோசிச்சேன். உனக்கு வர வேண்டிய ஆறுதல எல்லாரும் என் விலாசத்துல கொண்டுவந்து போட்டுட்டாவ.”

பியூலா முகத்தைத் துடைத்தாள். இதைச் சொல்லாமல் விட்டால் இனி எப்போதும் சொல்ல முடியாது.

“என்ன கேக்க வந்தான்னு எனக்குத் தெரியும் அக்கா.”

டார்லின் நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

“செவ்வாக்கிழமை எழுதியிருந்தான். ‘புதுத்தண்ணின்னா என்னன்னு டார்லினுக்குத் தெரியல. நீங்க யாரு?’ன்னு. அவ்வளவுதான். கோவமா இல்ல. நான் படிச்சேன். படிச்சது அவனுக்கும் தெரிஞ்சிருக்கும். பதில் போடல. ஒரு வார்த்த போட்டிருந்தா, அவன் வண்டிய எடுத்திருக்க மாட்டான்.”

வெளியே மழை இறங்கிவிட்டது. டார்லின் எழுந்து கதவைத் திறந்துகொண்டு போனாள். பின்கதவு திறக்கிற சத்தம். கொடியிலிருந்து துணியை உருவுகிற சத்தம். பியூலா தரையில் இருந்தபடியே கேட்டுக்கொண்டிருந்தாள். அக்கா திரும்பி வராமலே இருந்துவிடுவாள் என்று தோன்றியது. அப்படி இருந்தால் அதுவும் நியாயம்தான் என்று தோன்றியது.

டார்லின் வந்தாள். பாதி நனைந்த துணிகளைக் கட்டில் கால்மாட்டில் போட்டு, ஒவ்வொன்றாக மடிக்க ஆரம்பித்தாள். பட்டுச்சேலையைத் தொடவில்லை. அதை நனைந்த துணி படாமல் ஒரு பக்கம் தள்ளி மட்டும் வைத்தாள்.

“உம் மேல இன்னும் கோவமாத்தான் இருக்கேன்” என்றாள். “எப்ப போகும்னு தெரியல.”

“சரி.”

“அந்த அம்மாகிட்ட என்ன சொல்லணும், எவ்வளவு சொல்லணும்னும் எனக்குத் தெரியல. அந்தக் கேள்வியச் சொன்னா அவங்க தாங்குவாங்களா, அதுவும் தெரியல.” அப்பாவின் வேட்டியை நாலாக மடித்து ஓரம் நீவினாள். “ஆனா புதன்கிழமை அங்க போறோம். அவங்க பக்கத்துல நீ போய் உக்காரு.”

பியூலா நிமிர்ந்து பார்த்தாள்.

“வாசல் கேட்டுக்கிட்ட நான் நிக்கேன்” என்றாள் டார்லின். “பைய எங்கிட்ட குடுத்துட்டுப் போ.”